ஹெலிகாப்டர் விமானியாக விரும்பும் மாணவருக்கு வேலை வரை வழிகாட்டுவோம்

"படித்து என்னவாக விரும்புகிறாய்?" என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டால், மருத்துவர், காவல் அதிகாரி, ஆட்சியர் என்ற வழக்கமான பதில்களுக்கு நடுவே "பைலட்" என்ற பதிலும் இப்போது வருகிறது. அதிலும் சிலர் "ஹெலிகாப்டர் பைலட்" என்று தெளிவாகச் சொல்கிறார்கள். இதில் வியப்பில்லை. 2023 டிசம்பரில் தென்மாவட்ட வெள்ளத்தின்போது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்ட பயணிகளுக்கு ஹெலிகாப்டரில் உணவு இறக்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைகள் இவர்கள். அடுத்த ஆண்டே, 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில், மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரமே நீரில் மிதந்தது. வெள்ளத்தைக் கண்ட ஊரில் ஹெலிகாப்டர் வெறும் பொம்மையாகத் தெரிவதில்லை.

இந்தப் பதிலைக் கேட்டதும் நாம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்கிறோம். "அதெல்லாம் பணக்காரர்களுக்கு" என்பது ஒன்று. "முயன்றால் முடியாதது இல்லை" என்பது மற்றொன்று. முதலாவது ஆசையைக் கிள்ளி எறிகிறது. இரண்டாவது, பிள்ளையையும் பெற்றோரையும் கணக்குப் பார்க்காத செலவில் இறக்கிவிடக்கூடும். இந்தத் துறையில் தடை எங்கே இருக்கிறது, சம்பளம் எப்படி அமைகிறது, எந்த வகுப்பில் எந்த முடிவை எடுக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு பேசினால்தான் அது வழிகாட்டல்.

ஹெலிகாப்டரில் யார் வேலை தருகிறார்கள்?

நம் நாட்டில் பயணிகள் விமானத் துறை வேகமாக வளர்ந்துவருகிறது. ஹெலிகாப்டர் துறை அப்படியில்லை. நாடு முழுவதும் உள்ள சிவில் ஹெலிகாப்டர்கள் சில நூறுதான். பொதுத்துறை நிறுவனமாக 1985-இல் தொடங்கப்பட்ட பவன் ஹன்ஸ் இத்துறையில் பெரியது. அதனுடன் சில தனியார் நிறுவனங்களும் இயங்குகின்றன.

வேலை நடக்கும் இடங்களும் குறைவு. மும்பைக் கடலில் உள்ள எண்ணெய்க் கிணறுகளுக்கு ஊழியர்களைக் கொண்டுசெல்வது ஒன்று. கேதார்நாத், வைஷ்ணவதேவி போன்ற மலைக் கோயில்களுக்குப் பக்தர்களை ஏற்றிச் செல்வது இன்னொன்று. மாநில அரசுகளின் பயன்பாடு, தேர்தல் காலப் பயணம், மருத்துவ உதவி, மின்கம்பிப் பாதை ஆய்வு ஆகியவை மற்றவை. இவற்றில் எதுவும் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இல்லை என்பதை மாணவர் முதலிலேயே அறிய வேண்டும். வேலை கிடைத்தாலும் அது கடலோரத் தளத்திலோ இமயமலை அடிவாரத்திலோதான் இருக்கும்.

உரிமம் பெறும் படிகள்

வணிக ஹெலிகாப்டர் விமானி உரிமத்தை டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வழங்குகிறது. அதற்கான படிகளைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலாவது, கல்வித் தகுதி. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பதே நெடுங்கால விதி. இதைத் தளர்த்தலாம் என்ற யோசனை 2025-இல் எழுந்தது. ஆனாலும் அதை நம்பி இன்று பாடப்பிரிவைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல. இந்த இரண்டு பாடங்களையும் படிக்காமல் மேல்நிலை முடித்தவர்கள், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அவற்றை மட்டும் எழுதித் தேர்ச்சி பெறலாம்.

இரண்டாவது, உடல் தகுதி. இரண்டாம் வகை மருத்துவச் சான்றை முதலிலும், முதல் வகைச் சான்றை அடுத்தும் பெற வேண்டும். கண்ணாடி அணிவது தடையில்லை. நிறங்களைப் பிரித்தறிவதில் உள்ள குறைபாடுதான் பலரைத் தடுத்துவிடுகிறது.

மூன்றாவது, எழுத்துத் தேர்வுகள். வான்வழிச் செலுத்துமுறை, வானிலையியல், வான்பயண விதிமுறைகள், தொழில்நுட்பம் ஆகிய பாடங்களில் 70 விழுக்காடு மதிப்பெண் பெற வேண்டும். வானொலித் தொடர்புக்குத் தனியாக ஓர் உரிமம் உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும்.

நான்காவது, 18 வயது நிறைவும், 150 மணி நேரம் ஹெலிகாப்டர் ஓட்டிய பதிவும். விமானம் ஓட்டுவதற்கான உரிமம் இதற்குச் செல்லாது. ஹெலிகாப்டருக்கு அது தனி உரிமம்.

சிறிய விமானப் பயிற்சிப் பள்ளிகள் நாட்டில் பல உண்டு. ஹெலிகாப்டருக்கான சிவில் பயிற்சி இடங்களோ மிகச் சில. பெங்களூருவில் எச்ஏஎல் நிறுவனத்தின் சுழலிறக்கைப் பயிற்சி அமைப்பு அவற்றில் ஒன்று. அதனால் பலர் அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்று பயின்று, திரும்பி வந்து நம் நாட்டுத் தேர்வை எழுதி உரிமத்தை மாற்றிக்கொள்கிறார்கள். எங்கே பயின்றாலும் செலவு பல பத்து லட்சம் ரூபாய்.

150-க்கும் 1,000-க்கும் நடுவே உள்ள பள்ளம்

பெற்றோரும் மாணவரும் பெரும்பாலும் உரிமம் வரைதான் கணக்குப் போடுகிறார்கள். "ஐம்பது லட்சம் ஆகும், நிலத்தை விற்றாவது படிக்கவைத்துவிடுவோம், பிறகு லட்சக்கணக்கில் சம்பளம்" என்பது அந்தக் கணக்கு. பெரிய தடை உரிமம் பெற்ற மறுநாளிலிருந்துதான் தொடங்குகிறது.

150 மணி நேரம் பறந்தவரிடம் பயணிகளை ஒப்படைக்க நிறுவனங்கள் தயங்குகின்றன. காப்பீட்டு நிறுவனமும், ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுக்கும் வாடிக்கையாளரும் அனுபவத்தைக் கேட்கிறார்கள். 500 மணி, 1,000 மணி, அதற்கும் மேல் என்று வேலைக்கு ஏற்ப இந்த எதிர்பார்ப்பு கூடும். மலைப்பகுதிக்கு மலையில் பறந்த தனி அனுபவம் தேவை. கடல் பணிக்கு இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டரிலும், கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதிலும் தேர்ச்சி தேவை. ஒவ்வொரு ஹெலிகாப்டர் வகைக்கும் தனிச் சான்று வேறு.

இந்தக் கண்டிப்பில் நியாயம் உண்டு. கேதார்நாத் வழித்தடத்தில் 2022 அக்டோபர் 18-இலும், 2025 ஜூன் 15-இலும் நடந்த விபத்துகளில் தலா 7 பேர் உயிரிழந்தார்கள். நொடியில் மூடும் மேகமும் குறுகிய பள்ளத்தாக்கும் அனுபவம் இல்லாதவரை மன்னிப்பதில்லை.

அந்த அனுபவத்தை எங்கே பெறுவது? அமெரிக்காவில் புதிய விமானிகள் பயிற்றுநராகி, மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தபடியே சம்பளத்துடன் மணிக்கணக்கைச் சேர்க்கிறார்கள். பிறகு சுற்றுலா ஹெலிகாப்டர், அடுத்து மருத்துவ ஹெலிகாப்டர் என்று மேலேறுகிறார்கள். நம் நாட்டில் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளிகளே குறைவு என்பதால் பயிற்றுநர் இடங்களும் குறைவு. வெளிநாட்டில் படித்தவர், மாணவர் விசாவை வைத்துக்கொண்டு அங்கேயே நெடுநாள் வேலை பார்ப்பதும் எளிதில்லை. எஞ்சியிருப்பது, இரு விமானிகள் தேவைப்படும் பெரிய ஹெலிகாப்டரில் துணை விமானியாகச் சேர்வது. அந்த இடங்களுக்கு, ஆயிரக்கணக்கான மணி பறந்துவிட்டு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வருபவர்களும் போட்டியிடுகிறார்கள்.

உரிமம் கையில் இருந்தும் வேலையில்லாமல் காத்திருக்கும் இளைஞர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். அவர்கள் படிப்பில் பின்தங்கியவர்கள் அல்லர். பாதையின் இரண்டாம் பாதியைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சம்பளம்: விளம்பரத்தில் வருவதும் கைக்கு வருவதும்

பயணிகள் விமானத்தின் தலைமை விமானி வாங்கும் சம்பளத்தைக் காட்டி "பைலட் என்றாலே இவ்வளவு" என்று சொல்லப்படுகிறது. ஹெலிகாப்டருக்கு அது பொருந்தாது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 மே மாதக் கணக்கின்படி, பயணிகள் விமான நிறுவன விமானிகளின் நடுநிலை ஆண்டு ஊதியம் 2,19,140 டாலர். ஹெலிகாப்டர் விமானிகளை உள்ளடக்கிய வணிக விமானிகள் பிரிவுக்கு அது 1,13,080 டாலர். ஏறத்தாழப் பாதி.

நம் நாட்டிலும் துணை விமானியின் தொடக்கச் சம்பளத்துக்கும் அனுபவமிக்க தலைமை விமானியின் சம்பளத்துக்கும் இடைவெளி மிகப் பெரிது. சம்பளத்தில் ஒரு பகுதி நிலையானது. இன்னொரு பகுதி பறந்த மணிக்கு ஏற்ப வருவது. கோயில் வழித்தடங்களில் வேலை பருவகாலத்தைப் பொறுத்தது. பனிக்காலத்தில் கேதார்நாத் கோயிலே மூடியிருக்கும். பல பணிகள் ஒப்பந்த அடிப்படையிலானவை. ஆண்டுதோறும் மருத்துவச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். உடல்நிலை ஒத்துழைக்காத நாளில் வருமானம் நின்றுபோகும். அனுபவம் சேர்ந்த பிறகு நல்ல வருமானம் வரும் என்பது உண்மை. அதுவரை தாக்குப்பிடிக்கக் குடும்பத்தால் முடியுமா என்பதே கேள்வி.

அரக்கோணத்தில் ஒரு வாசல்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வழியாகச் செல்லும் ரயில் பாதை அரக்கோணத்தில் சேர்கிறது. அங்கே இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி விமானத் தளம் உள்ளது. 1992 மார்ச் 11 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அதைத் தொடங்கிவைத்தார். கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அங்கேதான் இயங்குகிறது. கடலோரக் காவல்படைக்கான விமானிகளும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். 2024 ஜூன் 7 அன்று அங்கு நடந்த பயிற்சி நிறைவு விழாவில், சப்-லெப்டினன்ட் அனாமிகா பி. ராஜீவ் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியாகத் தங்கச் சிறகுச் சின்னம் பெற்றார்.

நம் மாணவர்களுக்கு இந்த வாசல் ஏன் முக்கியம்? இங்கே பயிற்சிச் செலவை அரசு ஏற்கிறது. 150 மணிக்குப் பிறகு வரும் பள்ளத்தையும் அரசே கடத்திவிடுகிறது. சம்பளத்துடன் பறந்து, அனுபவத்தைச் சேர்த்து, பணிக்காலம் முடிந்த பிறகு சிவில் துறைக்கு வருபவரைத்தான் நிறுவனங்கள் தேடி எடுக்கின்றன.

ஏழாவது ஊதியக் குழுவின் அளவுப்படி, பணியில் சேரும் அதிகாரியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் ரூ.56,100. ராணுவப் பணி ஊதியம் ரூ.15,500. விமானிகளுக்கான பறத்தல் படி ரூ.25,000. இவை மட்டும் சேர்ந்தால் ரூ.96,600. அகவிலைப்படி முதலியன தனி.

வழிகள் மூன்று. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே எழுதக்கூடிய என்டிஏ தேர்வு முதலாவது. பட்டம் முடித்தபின் விமானப்படை நடத்தும் ஏஎஃப்கேட் தேர்வு இரண்டாவது. கடற்படை, கடலோரக் காவல்படை ஆகியவற்றின் நேரடி அறிவிப்புகள் மூன்றாவது. என்டிஏ தேர்வு ஆண்டுக்கு இரு முறை நடக்கும். கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத்திறனுக்கு 600 மதிப்பெண். அந்த 600-இல் ஆங்கிலத்துக்கு 200. உச்ச நீதிமன்றத்தின் 2021 உத்தரவுக்குப் பின் பெண்களும் இதை எழுதுகிறார்கள். முதல் பெண்கள் அணி 2025 மே மாதம் பயிற்சியை முடித்து வெளிவந்தது.

இந்த வாசலிலும் தடைகள் உண்டு. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். எழுத்துத் தேர்வில் வென்றவர், ஐந்து நாள் நடக்கும் எஸ்எஸ்பி நேர்காணலில் குழுவாகப் பேச வேண்டும். விமானிக்கான கணினித் திறன் சோதனையை வாழ்நாளில் ஒரு முறைதான் எழுத முடியும். முன்தயாரிப்பு இல்லாமல் "சும்மா எழுதிப் பார்க்கலாம்" என்று போவது அந்த ஒரே வாய்ப்பை இழப்பதாகும். பயிற்சியில் சேர்ந்தபின் போர் விமானமா, சரக்கு விமானமா, ஹெலிகாப்டரா என்பதைத் தேர்ச்சியும் படையின் தேவையுமே முடிவு செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது படைப்பணி. ஆபத்தும் கட்டுப்பாடும் நிறைந்தது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வகுப்புதோறும் நம் பங்கு

தொடக்க வகுப்புகளில்: ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் செய்யக்கூடிய பெரிய உதவி, சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வைப் பற்றிப் பெற்றோருக்குச் சொல்வது. திருப்பூர் மாவட்டம் அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இயங்குகிறது. ஆறாம் வகுப்புச் சேர்க்கைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். பெண் குழந்தைகளும் எழுதலாம். கட்டணம் உண்டு என்றாலும் குடும்ப வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகையும் உண்டு. ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கைக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பதால், தமிழ்வழிக் குழந்தைக்கு ஐந்தாம் வகுப்பே நல்ல தருணம்.

நடுநிலை வகுப்புகளில்: பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போது பார்வைக் கூர்மையோடு நிறப் பார்வையையும் சோதிக்கக் கேட்கலாம். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் அட்டைகளால் சில நிமிடங்களில் இதை அறியலாம். குறைபாடு இருந்தால் பன்னிரண்டு வயதிலேயே தெரிவது, ஐம்பது லட்சம் செலவழித்தபின் தெரிவதைவிட நல்லது. அந்த மாணவரை மற்றவர் முன் அடையாளம் காட்டாமல், பெற்றோரிடம் தனியே சொல்ல வேண்டும்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில்: பாடப்பிரிவுத் தேர்வைப் பற்றிப் பேச வேண்டியது இங்கேதான். பதினோராம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் உள்ள பிரிவில் சேர்ந்தால் வாசல் திறந்திருக்கும். "கணக்கு வேண்டாம்" என்று பதினைந்து வயதில் எடுக்கும் முடிவு, பின்னாளில் ஓராண்டையாவது விழுங்கும். என்சிசி இருக்கும் பள்ளியில் மாணவரைச் சேர ஊக்குவிக்கலாம்.

மேல்நிலை வகுப்புகளில்: நான் முதல்வன் திட்ட வழிகாட்டல் வகுப்புகளில் என்டிஏ அறிவிப்பு வரும் மாதங்களைக் கரும்பலகையில் எழுதிவைக்கலாம். வாரம் ஒரு நாள், ஒரு செய்தியைப் பற்றி மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் பேசும் பழக்கத்தை ஏற்படுத்தலாம். பிழையைத் திருத்துவதைவிடப் பேசவைப்பதே அங்கு முக்கியம்.

ஒரு பாடவேளைச் செயல்பாடு

எட்டு முதல் பத்து வரையிலான வகுப்புகளில் கணித ஆசிரியர் இதை நடத்தலாம். கீழே உள்ள எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை என்பதை மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

முதல் கணக்கு: ஹெலிகாப்டர் பயிற்சிக்கு ஒரு மணிக்கு ரூ.30,000 என்று கொள்வோம். 150 மணிக்கு எவ்வளவு? விடை ரூ.45 லட்சம்.

இரண்டாம் கணக்கு: வேலைக்கு 1,000 மணி வேண்டும் என்றால் இன்னும் எத்தனை மணி பறக்க வேண்டும்? 850 மணி. அதையும் சொந்தப் பணத்தில் பறந்தால்? ரூ.2 கோடியே 55 லட்சம். இந்த விடையைக் கண்டதும் வகுப்பு அமைதியாகும். "அப்படியானால் மற்றவர்கள் எப்படி 1,000 மணியைச் சேர்க்கிறார்கள்?" என்று அப்போது கேட்க வேண்டும். சம்பளத்துக்குப் பறந்துதான் சேர்க்க முடியும் என்ற முடிவுக்கு மாணவர்கள் தாமே வருவார்கள்.

மூன்றாம் கணக்கு: ரூ.50 லட்சம் கடன், ஆண்டு வட்டி 10 விழுக்காடு, பத்தாண்டுத் தவணை. மாதத் தவணை ஏறத்தாழ ரூ.66,000. பத்தாண்டில் கட்டும் மொத்தத் தொகை ஏறத்தாழ ரூ.79 லட்சம். வேலை கிடைக்க இரண்டு ஆண்டு ஆனால் தவணையை யார் கட்டுவது? குழுக்களாகப் பிரிந்து விவாதிக்கலாம்.

நான்காவது: உரிமத்தைத் தனியார் பயிற்சியில் பெறுவது, படைப்பிரிவு வழியாகச் செல்வது ஆகிய இரண்டையும் ஒரு அட்டவணையில் எழுதச் சொல்லலாம். செலவு, காலம், தேர்வு, ஆபத்து, முதல் சம்பளம் என ஐந்து தலைப்புகள் போதும்.

பெற்றோரிடம் பேசும்போது

தனியார் பயிற்சியில் சேர்க்க முடிவெடுத்த பெற்றோரிடம் சில கேள்விகளை எழுதிக் கொடுக்கலாம். முன்பணம் கட்டும் முன் மகனுக்கோ மகளுக்கோ மருத்துவச் சான்று எடுத்தாயிற்றா? இந்தப் பள்ளியில் படித்து முடித்தவர்களில் கடந்த மூன்றாண்டில் எத்தனை பேர் ஹெலிகாப்டர் வேலையில் இருக்கிறார்கள்? அவர்களில் இருவரிடமாவது பேச முடியுமா? பயிற்சி தாமதமானால் பணம் திரும்பக் கிடைக்குமா? பள்ளிக்கு டிஜிசிஏ அங்கீகாரம் இருக்கிறதா? கல்விக்கடன் ரூ.7.5 லட்சத்தைத் தாண்டும்போது வங்கி பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும் என்பதையும் நினைவூட்ட வேண்டும். ஈடாகப் போவது பெரும்பாலும் குடும்பத்தின் ஒரே வீடோ காணியோதான்.

பெண்பிள்ளைகளின் பெற்றோரிடம் இன்னொன்றும் சொல்லலாம். இந்திய விமானிகளில் பெண்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. உலகச் சராசரியைவிட இது பல மடங்கு. "பெண் எப்படி?" என்ற கேள்விக்கு நாடு விடை சொல்லிவிட்டது.

விமானியாக முடியாமல் போனாலும் வான்துறை மூடிவிடுவதில்லை. விமானப் பராமரிப்புப் பொறியாளர், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், வானிலை ஆய்வாளர் ஆகிய பணிகளுக்கும் அதே கணிதமும் இயற்பியலுமே அடித்தளம். ட்ரோன் இயக்குவதற்கான சான்றைப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 வயதும் உள்ளவர் பெறலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்ஐடி வளாகம் ட்ரோன் பயிற்சியில் பெயர்பெற்றது. மருந்து தெளிப்பு, நில அளவை என்று அந்த வேலை நம் வட்டார வயல்களுக்கே வந்துகொண்டிருக்கிறது.

அரசுப் பள்ளி மாணவருக்கு விமான நிறுவனத்தில் தெரிந்தவரோ, படைப்பிரிவில் உறவினரோ பெரும்பாலும் இருப்பதில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மாமாவோ சித்தப்பாவோ சொல்லும் தகவலை, இந்தப் பிள்ளைக்குச் சொல்லக்கூடியவர் வகுப்பாசிரியர் ஒருவர்தான். அடுத்த முறை ஒரு மாணவி எழுந்து "ஹெலிகாப்டர் பைலட்" என்று சொன்னால், கைதட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடாமல், இடைவேளையில் அவளை அழைத்துக் கேட்போம்: "கணக்கு எப்படி வருகிறது? கண் பரிசோதனை செய்தாயா? என்டிஏ பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாயா?"